குழந்தைப் புற்றுநோய்க்குப் பணம் கொடுப்பதென்று முடிவாகிவிட்டது, யாருக்கு, எதற்கு?

பழைய மாணவர் சங்கம், அபார்ட்மென்ட் சங்கம், அலுவலக நண்பர்கள் குழு, எதுவாக இருந்தாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்டுவிழா முடிந்து கணக்குப் பார்த்தால் இரண்டு மூன்று லட்சம் மிச்சம். "கேன்சர் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துடலாம்" என்கிறார் ஒருவர். யாரும் மறுப்பதில்லை. அடுத்த வாரமே வாட்ஸ்அப் குழுவில் லிங்க்குகள் வரிசையாக விழும். ஒரு குழந்தையின் படமும் அதன் கீழே கியூ.ஆர். கோடும், ஒரு மருத்துவமனையின் வங்கிக் கணக்கு எண், அமெரிக்காவில் இருக்கும் நண்பர் அனுப்பிய வீடியோ, முடிதான முகாமின் போஸ்டர். எல்லாமே நல்ல காரியம்தான். ஆனால் எல்லாம் ஒரே காரியம் அல்ல.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சையும் ஆய்வும் ஒரே இடத்தில் நடக்கும் ஒரு மருத்துவமனைக்கு, மூன்று ஆண்டுகளாவது விடாமல், யாருடைய பெயர்ப்பலகையும் மாட்ட முடியாத ஒரு வேலைக்குக் கொடுங்கள். குறிப்பாக, ஓர் ஊழியரின் சம்பளத்துக்கு. கேட்கச் சப்பென்று இருக்கும், தெரியும். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஊர்ப் பணம் ஆய்வாக மாறிய கதை

1948ஆம் ஆண்டு மே 22. அமெரிக்காவில் ஒரு வானொலி நிகழ்ச்சி, பாஸ்டன் மருத்துவமனையில் படுத்திருந்த ஒரு சிறுவனோடு பேசியது. அவன் அடையாளம் தெரியக் கூடாதென்று 'ஜிம்மி' என்று பெயர் வைத்தார்கள். அவனுக்குப் பிடித்த பேஸ்பால் அணியான பாஸ்டன் பிரேவ்ஸ் வீரர்களே அவன் அறைக்கு வந்து நின்றார்கள். அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு டிவி வேண்டும், பணம் அனுப்புங்கள் என்றார் அறிவிப்பாளர். இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஏற்பாடு செய்தது நியூ இங்கிலாந்து வெரைட்டி கிளப் என்ற, சினிமா, நாடகத் தொழிலில் இருந்தவர்களின் சங்கம். பணம் போனது டாக்டர் சிட்னி ஃபார்பரின் ஆய்வுக்கு. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை மருந்தால் தற்காலிகமாகவேனும் பின்வாங்க வைக்க முடியும் என்று அப்போதுதான் அவர் காட்டியிருந்தார். 'ஜிம்மி ஃபண்ட்' இன்றும் நடக்கிறது.

ஃபார்பர் கொடுத்த மருந்தின் பெயர் அமினாப்டெரின். அது வந்தது லெடர்லே என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தில் எல்லாப்ரகடா சுப்பாராவ் தலைமையில் இருந்த குழுவிடமிருந்து. சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1922இல் பாஸ்டனுக்குக் கப்பல் ஏற அவருக்குக் கைகொடுத்தது மாமனார் திரட்டிய பணமும், காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும். ஆக, அமெரிக்க வானொலி சில்லறை கேட்பதற்கு 26 ஆண்டுகள் முன்பே, கோதாவரிக் கரைப் பக்கத்து அறக்கட்டளை ஒன்று இந்த ஆய்வுக்குப் பங்கு செலுத்திவிட்டது, தனக்கே தெரியாமல்.

நம் ஊர்க் கதை அடையாறில். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் பல ஆண்டுகள் நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. 1980களில் இந்த நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் டாக்டர் இயன் மெக்ராத்தோடு சேர்ந்து, குழந்தைகளின் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி.-841 என்ற பொதுச் சிகிச்சை முறையை வகுத்தன. அதற்கு முன்பு நூற்றுக்கு இருபது பேர்கூடப் பிழைப்பது அரிதாக இருந்தது. அதன் பிறகு, மையத்துக்கு மையம் வித்தியாசம் இருந்தாலும், நாற்பதிலிருந்து அறுபது பேர் வரை நான்கு ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தார்கள்.

இதில் புது மருந்து என்று ஒன்றுமே இல்லை. இருந்த மருந்துகளை ஒரே வரிசையில், ஒரே அளவில் கொடுத்தார்கள். யார் கிருமித்தொற்றில் இறந்தார்கள், யாருக்கு நோய் திரும்பியது, யார் பாதியில் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று குறித்து வைத்தார்கள். குறித்ததைப் பார்த்து அடுத்த குழந்தைக்கு மாற்றினார்கள். வேலூர் சி.எம்.சி. செய்ததும் இந்த ரகம்தான். ஏ.பி.எல். என்ற ரத்தப் புற்றுநோய் வகைக்கு ஆர்செனிக்கை, பாஷாணம் என்கிறோமே அதை, மருத்துவமனை மருந்தகத்திலேயே குறைந்த செலவில் தயாரித்து, அதை மட்டுமே கொடுத்துக் குழந்தைகளையும் குணப்படுத்த முடியும் என்று எழுதிக் காட்டினார்கள்.

ஆக, குழந்தைப் புற்றுநோயில் வார்டும் ஆய்வுக்கூடமும் தனித்தனி உலகங்கள் இல்லை. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இந்த நோய் வருகிறது. பெரியவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் இது சிறிய தொகை; மருந்துக் கம்பெனிக்குப் பெரிய சந்தை கிடையாது. எனவே ஒவ்வொரு குழந்தையின் சிகிச்சையிலிருந்தும் கற்றுக்கொண்டால்தான் உண்டு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இப்போது லிங்க்குகளுக்கு வருவோம்.

ஒரே ஒரு குழந்தையின் பில்

முகம் தெரிகிறது, பெயர் தெரிகிறது, தொகை தெரிகிறது. குழுவில் உடனே கை உயரும். எனக்கும் உயரும். ஆனால் குழுப் பணத்துக்கு இது சரியான இடம் என்று நான் நினைக்கவில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. கீமோவின் பெரும்பகுதி அதில் அடங்கும். பில்லைவிட, பில்லில் வராத செலவுதான் பல குடும்பங்களைச் சாய்க்கிறது. அதோடு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டுகள் ஓடும். படத்தைப் பார்த்து ஒரே நாளில் கொட்டிய பணம் எட்டாம் மாதத்தில் இருக்காது. மனம் கேட்கவில்லையென்றால் தனித்தனியாகக் கொடுங்கள், மருத்துவமனையின் கணக்குக்கே நேராக. ஆய்வுக்கு இதனால் ஏதும் சேர்வதில்லை.

தங்க இடம், தின்னச் சோறு, திரும்பப் பஸ்

நான் சொல்லும் வழிக்கு உண்மையான போட்டி இதுதான்.

தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடிகாலை பஸ்ஸில் சென்னை வருகிறார் என்று வையுங்கள். ஓ.பி.யில் ரத்தம் எடுத்து, ரிப்போர்ட் வரப் பன்னிரண்டு மணி ஆகிறது. "கவுண்ட் ஏறலைம்மா, இன்னைக்கு கீமோ கொடுக்க முடியாது. வியாழக்கிழமை வாங்க." அன்றைய கூலி போயிற்று, இரண்டு டிக்கெட் காசு போயிற்று. வியாழன் வரை தங்குவதென்றால் எங்கே? வெள்ளை அணுக்கள் குறைந்த குழந்தையை ஆஸ்பத்திரி வராந்தாவில் படுக்கவைத்தால் காய்ச்சல் வரும். ஊருக்குப் போய்விட்டால் வியாழக்கிழமை திரும்ப வருவாரா? வீட்டில் இன்னொரு குழந்தை. கணவன் வேலை செய்யும் இடத்தில் ஏற்கெனவே முன்பணம் வாங்கியாயிற்று. இப்படித்தான் ஒரு வாரம் தவறி, ஒரு மாதம் தவறி, சிகிச்சை நின்றுபோகிறது.

டாடா நினைவு மருத்துவமனையில் 2009 வாக்கில் ஐந்தில் ஒரு குழந்தை சிகிச்சையே வேண்டாமென்றோ பாதியிலோ போய்க்கொண்டிருந்தது. தங்குமிடம், உணவு, ஆலோசனை, விடாமல் போன் செய்யும் சமூகப் பணியாளர்கள், இவற்றுக்கெல்லாம் நன்கொடையாளர்களையும் தொண்டு நிறுவனங்களையும் ஒரே திட்டத்தில் சேர்த்தார்கள். சில ஆண்டுகளில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிட்டது. இவ்வளவு குழந்தைகளை இத்தனை குறைந்த காலத்தில் காப்பாற்றிய புது மருந்தை நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த வழியில் போவதென்றால், 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் இருக்கிறது. குடும்பத்துக்கு ஓர் அறை, பொதுச் சமையலறை, வாடகை கிடையாது. சென்னையிலும் அவர்கள் இல்லங்கள் உண்டு. (அமெரிக்காவின் மெம்பிஸில் இருக்கும் செயின்ட் ஜூட் மருத்துவமனையும் இதுவும் வேறு வேறு. ஒன்றுக்கு என்று நினைத்து இன்னொன்றுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.) கடில்ஸ் ஃபவுண்டேஷன், புற்றுநோய் வார்டுகளில் ஊட்டச்சத்து நிபுணர்களை வைத்து, முட்டை, சத்துமாவு, ரேஷன் மூட்டை வரை பார்த்துக்கொள்கிறது. எடை குறைந்த குழந்தைக்குக் கீமோ தாங்காது. தாங்காவிட்டால் அளவைக் குறைப்பார்கள் அல்லது தள்ளிப்போடுவார்கள். இரண்டுமே நோய்க்குச் சாதகம்.

இதுவும் ஆய்வுக்கு உதவிதான், மறைமுகமாக. பாதியில் போகும் குழந்தைகள் கூடக்கூட, எந்தச் சிகிச்சை முறை நல்லது என்று ஒப்பிடவே முடியாது. உங்கள் குழு ஒரே ஒரு தடவைதான் கொடுக்கும், அடுத்த ஆண்டு இருக்குமா என்பதே சந்தேகம் என்றால், மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், இங்கே கொடுத்துவிடுங்கள்.

கணக்கு எழுதுபவரின் சம்பளம்

தொடர்ந்து கொடுக்க முடிந்த குழுவுக்கு நான் சொல்வது டேட்டா மேனேஜர் என்ற வேலையை.

நூறு குழந்தைகளுக்கு ஒரு மருத்துவமனை சிகிச்சை அளித்தது. ஐந்து ஆண்டு கழித்து அறுபது பேர் நலமாக இருப்பது தெரிகிறது, இருபது பேர் இறந்தது தெரிகிறது. மீதி இருபது பேரின் போன் எண் மாறிவிட்டது. அந்த மருத்துவமனையின் குணமாகும் விகிதம் அறுபதா, எண்பதா? இரண்டையும் சொல்லலாம். அடுத்து வரும் குழந்தைக்கு மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய இரண்டுமே உதவாது. அந்த இருபது பேரைத் தேடிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பழைய ஃபைலில் இருக்கும் பக்கத்து வீட்டு எண்ணுக்குப் போன் போட்டு, ஊர் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸைக் கேட்டு, "பையன் எட்டாவது படிக்கிறான் சார், நல்லா இருக்கான்" என்ற பதிலை ஒரு கட்டத்தில் நிரப்ப வேண்டும். அதற்கு முன்னால், சேர்ந்த அன்று வெள்ளை அணு எவ்வளவு, முதல் மாத முடிவில் எலும்பு மஜ்ஜையில் எவ்வளவு நோய் மிச்சம், எந்த நாள் காய்ச்சல் வந்தது, ரத்தத்தில் எந்தக் கிருமி வளர்ந்தது, எல்லாம் ஒரு குழந்தைக்கு ஒரு வரி. நோயாளிகளுக்கு நடுவே ஓடும் டாக்டர் இரவு ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து இதைச் செய்தால் பாதிக் கட்டங்கள் காலியாகத்தான் இருக்கும்.

இந்த வேலைக்கு மாதம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சரியாக உங்கள் 3 லட்சம். இந்த அளவில் ஒரு குழுவின் பணம் முழுதாக ஒரு காரியத்தைத் தாங்கக்கூடிய இடம் வேறு இல்லை. ஸ்கேன் மெஷினுக்குக் கொடுத்தால் அதில் ஒரு திருகாணிதான் உங்களுடையது. நன்கொடையாளர்கள் சம்பளம் என்றால் முகம் சுளிப்பார்கள். "குழந்தைக்குப் போகணும், ஸ்டாஃபுக்கு இல்ல" என்று கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். அவருக்கு மேலே உள்ள நூறு குழந்தைகள் கணக்கைக் காட்டுங்கள்.

இந்தக் கணக்கு எங்கே பயன்படுகிறது? அடையாறு, மும்பை, டெல்லி, கொல்கத்தா, சண்டிகர் மையங்கள் சேர்ந்து 'ஐசிக்கிள்' என்ற கூட்டு ஆய்வை நடத்தியிருக்கின்றன. ஏ.எல்.எல். குழந்தைகளை மஜ்ஜைப் பரிசோதனையின்படி அபாயம் குறைந்தவர், கூடியவர் என்று பிரித்து, ஸ்டீராய்டைக் குறைந்த நாட்கள் கொடுத்தால் முதல் மாதத் தொற்று மரணங்கள் குறையுமா என்பது போன்ற கேள்விகளுக்கு விடை தேடும் ஆய்வு அது. பணக்கார நாடுகளில் இந்தக் கேள்விக்கு அவ்வளவு அவசரம் இல்லை. அங்கே எண்பது சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். முதல் மாதத்தில் தொற்றால் இறப்பது குறைவு. இது நம் கேள்வி, நாம்தான் செலவு செய்ய வேண்டும்.

எந்த மருத்துவமனை என்பதற்கு நான் பெயர் சொல்லப் போவதில்லை. பக்கத்தில் இருப்பதும் உங்களோடு பேசத் தயாராக இருப்பதும் முக்கியம். நேரில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். குழந்தைகளுக்கு எந்தப் பொதுச் சிகிச்சை முறையைப் பின்பற்றுகிறீர்கள்? போன ஆண்டு சேர்ந்த குழந்தைகளில் எத்தனை பேர் பாதியில் விட்டார்கள்? இந்தியக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்களின் கூட்டு ஆய்வுகள் எதிலாவது நீங்கள் இருக்கிறீர்களா? இரண்டாவது கேள்விக்கு டாக்டர் உடனே ஓர் எண்ணைச் சொன்னால், அந்த எண் பெரிதாக இருந்தாலும், நல்ல அறிகுறி. "ரொம்பக் கம்மிதான்" என்று மட்டும் சொன்னால் அங்கே எண்ணுவதற்கு ஆள் இல்லை. ஒருவகையில் அதுவும் நீங்கள் கொடுப்பதற்கான காரணம்தான், டாக்டர் ஒப்புக்கொண்டால்.

கடல் தாண்டிப் போகும் பணம்

மெம்பிஸின் செயின்ட் ஜூட் மருத்துவமனை 1962இல் திறந்தது. அதற்குப் பணம் திரட்டும் அமைப்பு அதற்கும் முன்பே, 1957இல். டாக்டர் டொனால்ட் பிங்கல் அங்கே 1960களில் நடத்திய ஆய்வுகள்தான் ஏ.எல்.எல். குழந்தைகளில் பாதிப் பேரைக் குணப்படுத்த முடியும் என்று முதலில் காட்டியவை. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் 1973 முதல் விடிய விடிய நடன மாரத்தான் நடத்திப் பணம் சேர்க்கிறார்கள்; 1977 முதல் அது குழந்தைப் புற்றுநோய்க்குப் போகிறது. 2000இல் அலெக்ஸாண்ட்ரா ஸ்காட் என்ற நான்கு வயதுக் குழந்தை, தானே நோயாளியாக இருந்துகொண்டு, வீட்டு வாசலில் லெமனேட் விற்று இரண்டாயிரம் டாலர் சேர்த்தது. இன்று அவள் பெயரில் பெரிய ஆய்வு நிதி இருக்கிறது. அதே ஆண்டு தொடங்கிய செயின்ட் பால்ட்ரிக்ஸில் மொட்டை போட்டுக்கொள்கிறார்கள், பார்ப்பவர்கள் ஆய்வுக்குப் பணம் கட்டுகிறார்கள். பழனிக்கு மொட்டை போடும் நமக்கு இது விளக்கத் தேவையில்லாத ஏற்பாடு.

எல்லாம் நம்பகமான அமைப்புகள். ஆனால் இந்தியாவிலிருந்து 3 லட்சம் அனுப்பினால் அங்கே மூவாயிரத்துச் சொச்சம் டாலர்; வரிச்சலுகையும் இல்லை. நியூஜெர்சியிலோ டல்லாஸிலோ இருக்கும் தமிழர்களுக்குக் கணக்கு வேறு. பல கம்பெனிகள் ஊழியர் கொடுப்பதற்குச் சமமாகத் தாங்களும் போடும். அங்கேயே கொடுப்பதுதான் லாபம். அது அமெரிக்கக் குழந்தைகளுக்கு மட்டும் போகிறது என்றும் நினைக்க வேண்டாம். 2018இல் உலகச் சுகாதார நிறுவனம், 2030க்குள் உலகம் முழுக்க 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்ததில் செயின்ட் ஜூட் கூட்டாளி. ஏழை நாடுகளுக்குப் புற்றுநோய் மருந்து அனுப்ப 20 கோடி டாலர் ஒதுக்குவதாக 2021இல் அறிவித்ததும் அவர்கள்தான்.

பணமில்லாமல் கொடுப்பது

முடிதானத்தை நான் குறை சொல்ல மாட்டேன். விக் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகும் பெண்குழந்தைக்கு அது பெரிய விஷயம். நோய்க்கு அது ஒன்றும் செய்யாது.

பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணு, வேறு கதை. தானம் வாங்கிய பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும், அதுவும் ஆட்டிக்கொண்டே இருக்கும் பெட்டியில். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் பிரமாண்ட முகாமைவிட, கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் வரக்கூடிய முப்பது பேரின் போன் எண்களும் ரத்த வகையும் எழுதிய ஒரு தாள் ரத்த வங்கிக்கு அதிகம் உதவும். ஒரு கல்லூரி விடுதியோ ஐ.டி. கம்பெனியோ மருத்துவமனையோடு செய்துகொள்ளக்கூடிய சிறந்த ஒப்பந்தம் இது. சென்னையிலிருந்து 2009 முதல் இயங்கும் தாத்ரி பதிவேட்டில் ரத்த ஸ்டெம் செல் தானத்துக்குப் பெயர் கொடுப்பதும் இந்த வகைதான். மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்படும் குழந்தைக்குக் கூடப் பிறந்தவரோடு பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். மற்ற குழந்தைகளுக்கு வெளியே தேட வேண்டும். பொருத்தம் பெரும்பாலும் சொந்த இனக்குழுவுக்குள்தான் கிடைக்கும் என்பதால், ஜெர்மன் பதிவேட்டில் லட்சக்கணக்கான பேர் இருந்தும் திருநெல்வேலிக் குழந்தைக்குப் பயன் குறைவு. ஆனால் பெயர் கொடுத்துவிட்டு, பொருந்திய அன்று பின்வாங்குவதென்றால் கொடுக்காமலே இருக்கலாம். எதிர்முனையில் ஒரு குடும்பம் காத்திருக்கும்.

ரசீது விஷயம்

நன்கொடைக்குக் கிடைக்கும் 80ஜி வருமான வரிச் சலுகை பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டும்தான். பெரும்பாலும் கொடுத்ததில் பாதிக்கு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது. சங்கத்தின் கணக்கிலிருந்து போனால் உறுப்பினர்களுக்குச் சலுகை வராது, அதனால் ஒவ்வொருவரும் நேராக மருத்துவமனை அறக்கட்டளைக்கு அனுப்பி, குறிப்பில் குழுவின் பெயரைப் போடுவது நல்லது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரின் பணம் உள்நாட்டுப் பணம்தான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவருடையது வெளிநாட்டு நன்கொடை. வாங்கும் நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு இல்லையென்றால் அதை வாங்கவே முடியாது, சிக்கல் அவர்களுக்குத்தான் வரும்.

பணத்தோடு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். இது குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவின் தகவல் பணியாளர் சம்பளத்துக்கு, மூன்று ஆண்டுகளுக்கு. ஆண்டுக்கொருமுறை இரண்டு எண்கள் மட்டும் எங்களுக்குப் போதும், சிகிச்சையைப் பாதியில் விட்டவர் எத்தனை பேர், தகவல் தெரியாமல் போனவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். எந்தக் குழந்தையின் பெயரும் படமும் வேண்டாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் அந்த எண்கள் வந்துகொண்டிருந்தால் நான்காம் ஆண்டும் அனுப்புங்கள். வராவிட்டால் சண்டை வேண்டாம், அடுத்த தவணையைத் தங்குமிடத்துக்கும் சோற்றுக்கும் மாற்றிவிடுங்கள்.